பதில் பொத்தானே இல்லாத விவாதம்

தண்ணி லாரிச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா? எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாக இதுதான் சண்டை. மொத்தம் 64 வீடு. பேசுவதென்னவோ ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

எனக்குத் தைவான் ஞாபகம் வந்தது. 2014-இல், சீனாவோடு போட்ட வணிக ஒப்பந்தத்தை எதிர்த்த சூரியகாந்தி இயக்க மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தச் சூட்டில் அங்குள்ள கணினி ஆர்வலர்களும் அரசும் சேர்ந்து தொடங்கிய இணைய விவாத மேடைதான் 'வி-தைவான்'. 2015-இல், ஊபரை எந்த விதிப்படி ஓட விடுவது என்ற தகராறை அங்கே கொண்டுவந்தார்கள். கருவி, 'போலிஸ்' என்ற மென்பொருள். (நம்ம ஊர் போலீஸ் இல்லை, நகர அரசைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.)

அதில் யாரும் ஒரு கருத்தைச் சிறிதாக எழுதிப் போடலாம். மற்றவர்கள் ஏற்கிறேன், மறுக்கிறேன், தாண்டுகிறேன் என்று மூன்றில் ஒன்றை அழுத்தலாம். அவ்வளவுதான். பதில் எழுத வழியே இல்லை! வாக்குகளை வைத்து, ஒரே மாதிரி அழுத்தியவர்களை மென்பொருளின் கணக்கு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. கூட்டங்கள் படமாகத் தெரிகின்றன. இதில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. பொதுக்கருத்து என்று ஒன்று மேலே வர வேண்டுமானால் ஒவ்வொரு கூட்டமும் அதை ஏற்க வேண்டும். ஒரு பக்கம் 900 பேர், மறுபக்கம் 100 பேர் என்றாலும் அந்த 100 பேரை விட்டுவிட்டு மேலே போக முடியாது. தலையை எண்ணும் தேர்தலில் இது நடக்காது.

ஊபர் ஆதரவாளர்களும் டாக்ஸி ஆதரவாளர்களும் தனித்தனிக் கூட்டமாகத்தான் நின்றார்கள். ஆனால் பயணிக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்றவற்றில் இரு தரப்பும் ஒன்று. அதிலிருந்துதான் விதிகள் வந்தன. உடனே எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. 2017 பிப்ரவரியில் ஊபர் கடையைக் கட்டிக்கொண்டு போய், ஏப்ரலில் வாடகைக் கார் நிறுவனங்களோடு கைகோத்துத் திரும்பி வந்தது.

இதுவரை இருந்தது வெறும் கணக்கு. இப்போது எழுதவும் சுருக்கவும் தெரிந்த ஏஐ மொழி மாதிரிகள் உள்ளே வந்துவிட்டன. 2025-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்ற ஊரில் இதே போலிஸில் ஏறக்குறைய 8,000 பேர் கலந்துகொண்டார்கள். 10 லட்சத்துக்கும் மேல் வாக்குகள். கூகுளின் ஜிக்சா பிரிவு ஏஐ கொண்டு அத்தனையையும் தொகுத்துக் கொடுத்தது.

எனக்கு நெருடுவது இங்கேதான். படம் தப்பென்றால் வாக்குகளை எடுத்து நானே மறுபடி எண்ணிப் பார்க்கலாம். ஏஐ எழுதித் தரும் சுருக்கத்தை எப்படி எண்ணுவது? ஒரு கிழவி "ராத்திரி பஸ் இல்லாம பயமா இருக்கு" என்று எழுதினால், அது "போக்குவரத்து வசதி மேம்பட வேண்டும்" என்று வழவழவென்று வந்து நிற்கும். பயம் எங்கே போனது? எனவே தொகுப்பின் ஒவ்வொரு வரிக்கும் கீழே அதற்கு மூலமான கருத்தும் வாக்கு எண்ணிக்கையும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை நான் மக்கள் கருத்து என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று: இணையம் பக்கமே வராதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்களிடம் வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

நேற்று எங்கள் குழுவில், "சண்டை வேண்டாம், பதில் பொத்தான் இல்லாத ஒரு முறை இருக்கிறது, லாரி விஷயத்தை அதில் போட்டுப் பார்ப்போமா?" என்று கேட்டிருந்தேன். இதுவரை 41 பதில்கள். அதே ஏழெட்டுப் பேர்.