கஞ்சரில் அலகைவிட உறைக்கும் பிடிக்கும்தான் மதிப்பு

ஓமானிய ஆண்கள் இடுப்பில் அணியும் வளைந்த குத்துவாளான கஞ்சரின் விலையை அதன் அலகின் தரம்தான் தீர்மானிக்கிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் பார்த்தது வேறு. மஸ்கட்டில் வேலை பார்த்த நாட்களில் ஓமானின் நிஸ்வா நகரச் சந்தைக்கு அடிக்கடி போவேன். ஒருமுறை, மகன் கல்யாணத்துக்குக் கஞ்சர் வாங்க வந்த பெரியவர் ஒருவர் முதலில் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார், அப்புறம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகை உருவியது கடைசியில்தான், அதுவும் ஒரு நொடி. உறையின் மேல்பகுதியில் வெள்ளித் தகட்டில் செதுக்கிய பூவேலை, கீழே தோலின் மேல் வெள்ளி இழையால் நெருக்கமாகப் போட்ட தையல், நடுவில் இடுப்புப் பட்டையைப் பிணைக்கும் வெள்ளி வளையங்கள். கண் வலிக்க வலிக்கச் செய்யும் வேலை அது. அந்த வளையங்களை எண்ணினாலே வகை பிடிபடும்: அரச குடும்பத்தோடு தொடர்புடைய சயீதி கஞ்சர் என்றால் ஏழு, சாதாரணமாக நாலு. அந்தக் கட்டுரையின் கீழே ஒரு நண்பர் இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். பெரும்பகுதி ஆஸ்திரியாவின் மரியா தெரசா நாணயங்களை உருக்கி எடுத்ததுதான். 1780 என்று ஆண்டு பொறித்த அந்தக் காசு, ராணி இறந்த பிறகும் அதே ஆண்டோடு அச்சாகி அரபு நாடுகளில் புழங்கியது. ஒரு காசில் 23 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோதும் கஞ்சர் செய்யும் கைத்திறனையும் அதை அணியும் வழக்கத்தையும்தான் சேர்த்தார்கள். கட்டுரையில் வெள்ளி வேலைக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.