ஆமாம், கவரில் காசு இல்லை

சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், நம் வாட்ஸ்அப் குழுவில் படித்துச் சிரித்திருப்பீர்கள். மாதச் செலவுக்கான காசைக் கவர் கவராகப் பிரித்து வைப்பவள் நான். இறால் கிலோ 22 வெள்ளி, என் மீன் கவரில் 9 வெள்ளி. கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர் "நான் போன்ல பேநவ் பண்ணிடறேன், எடுத்துக்கோ" என்று கடைக்காரர் எதிரிலேயே சொன்னதைக்கூட விட்டுவிடலாம். சாயங்காலம் குழுவில் போட்டாரே, "இந்தக் காலத்திலும் கவர்ல சில்லறை எண்ணிக்கிட்டு, பாவம்" என்று, அந்தப் பாவம்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் ஏழையும் இல்லை, கஞ்சமும் இல்லை. கவரில் காசு இல்லை, அவ்வளவுதான். வங்கியில் இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது என்பதற்குத்தானே கவர்!

மின்கட்டணம், நகர மன்றக் கட்டணம் எல்லாம் ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே, போய்விடும். மற்ற செலவுக்கானதைச் சம்பளத்துக்கு மறுநாள் ஏடிஎம்மில் எடுத்து, தீபாவளிக்கு வாங்கி மீந்துபோன, மயில் படம் போட்ட அங்பாவ் (அன்பளிப்புப் பண) உறைகளில் பிரித்து வைப்பேன். மளிகை, மீன், பிள்ளைகள் கைச்செலவு, மருந்து, விசேஷம். மீன் உறை மட்டும் எப்போதும் லேசாகக் கவுச்சி அடிக்கும், இரண்டு வெள்ளி நோட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சிரிப்பதாக இருந்தால் அதற்குச் சிரியுங்கள்.

"கிரெடிட் கார்டில் தட்டினால் கேஷ்பேக் கிடைக்குமே" என்பீர்கள். தட்டினேன், 2018இல். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நானும் என் வீட்டுக்காரரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் என்பதே கடிதத்தை ஒருநாள் ஒழுங்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. அடைக்க இரண்டரை வருடம் ஆனது. அப்போது யாரும் பாவம் என்று குழுவில் போடவில்லை, ஏனென்றால் அப்போது நாங்கள் இறால் வாங்கிக்கொண்டிருந்தோம்.

"வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு போனில்தானே வருகிறது, அதை எந்தக் கவரில் வைப்பாய்?" என்று ஒருவர் மேதாவித்தனமாகக் கேட்டிருந்தார். துண்டுச் சீட்டில் எழுதி மளிகை உறைக்குள் வைக்கிறேன் ஐயா. பணம் திருடுபோனால்? இதுவரை போகவில்லை.

பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியபோது அதே குழுவில் தினமும் ஒப்பாரிதான். விலையெல்லாம் ஏறிவிட்டதாம், காசு எங்கே போகிறதென்றே தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். எந்த உறையிலிருந்து எந்தக் கிழமை போனது என்பதுவரை தெரியும். தெரிந்தவள் பாவம், தெரியாதவர்கள் வசதியானவர்கள், நல்ல நியாயம்!

இன்னொன்று, சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன். போன வருடம் மாமியாரை மருத்துவமனையில் சேர்த்த இரவு, டாக்சிக்கும் அட்மிஷன் முன்பணத்துக்கும் யார் உறை திறந்தது? பேநவ் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்றார்கள். ராத்திரி பத்தரைக்கு மீட்டிங்.

சரி, விடுங்கள். அடுத்த ஞாயிறு அந்தச் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. அதற்கு 51 வெள்ளி போன மாதமே விசேஷ உறையில் எடுத்து வைத்தாயிற்று, ஒற்றை வெள்ளி நாணயத்தோடு. சில்லறை ஆகாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள், பேநவ் பண்ணிவிடுகிறேன்.