ஊசி போட்டவனைக் கொலைகாரன் என்னாதீர்கள்

தன் நாயை ஊசி போட்டுச் சாகவிட்டதற்காக மாங்குளத்துத் தம்பியை மூன்று நாளாகத் திட்டித் தீர்க்கிறீர்கள். 14 வயது நாய், சிறுநீரகம் பழுது, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. மிருக வைத்தியரைக் கூப்பிட்டான். முதல் ஊசியில் நித்திரை, அடுத்ததில் அளவுக்கு மிஞ்சிய மயக்கமருந்து, சில நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அவன் கொலைகாரனாம்.

நான் ஊசி போடாதவள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கறுப்பன், மீள்குடியேறி வந்த 2010இல் தறப்பாள் கொட்டிலுக்குள் வளர்ந்த குட்டி. 2023 மாரியில் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. தானாகப் போகட்டும் என்று 11 நாள் வைத்திருந்தேன். சாக்கு மாற்றப் புரட்டினால் இடுப்புப் புண்ணுக்குள் புழு. அவன் கத்தவில்லை, என் கையை நக்கினான். அந்த 11 நாளும் என் பயத்துக்காக அவன் கிடந்த நாட்கள்.

நாயின் வலியைப் பார்த்து நாள் குறியுங்கள், உங்கள் பயத்தைப் பார்த்து அல்ல. அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடை, கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா என்று ஏழு விடயம், ஒவ்வொன்றும் நன்றாக இருந்தால் 10 புள்ளி, மோசமென்றால் 0. 35க்கு மேல் இருந்தால் வைத்துப் பராமரிக்கலாம். கறுப்பனுக்குப் பிறகு போட்டுப் பார்த்தேன், பத்தைத் தாண்டவில்லை.

"உயிர் கொடுத்தவன் எடுக்கட்டும்" என்கிறீர்கள். விசர்நாய்த் தடுப்பூசி மட்டும் ஏன் போட்டீர்கள்? அதுவும் ஊசிதானே. "செலவுக்குப் பயந்தான்" என்கிறீர்கள். சேலைன் ஏற்றினால் சில நாள் தாங்கும், முற்றாகப் போன சிறுநீரகம் திரும்பி வராது. "அம்மாவுக்கும் போடுவாயா" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அம்மா நோகுது என்று வாய் திறந்து சொல்லுவா.

நாய்ப்பாசம் பற்றி வன்னியில் எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா எங்கள் நாய் மணியின் சங்கிலியைக் கழற்றிவிட்டார். முரசுமோட்டை வரைக்கும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடிவந்தது. பெட்டியில் நெல் மூட்டைக்கு இடமிருந்தது. அது எங்கே, எப்படிச் செத்ததென்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தம்பி தன் நாயின் தலையை மடியில் வைத்து, மூச்சு நிற்கும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவனை விடுங்கள்.