தங்கத் தாள் சுற்றிய சுருட்டு ஏன் விலைபோகவில்லை

நம்ம பக்கத்தில் சுருட்டு என்றால் இரண்டு நினைப்புதான் வரும். ஒன்று, சுடலைமாடன் கொடையில் படையலோடு வைக்கிற சுருட்டு. இன்னொன்று, கல்ஃபில் இருந்து வருகிறவர் பெட்டியைத் திறந்து பெருமையோடு நீட்டுகிற வெளிநாட்டுச் சுருட்டு. இந்த இரண்டாவதைப் பற்றி மார்த்தாண்டத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பணம் கூடிப்போனவன் காட்டுகிற பவுசு."

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துபாயில் ஒரு ஹோட்டலின் சிகார் லவுஞ்சில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். சுருட்டுகளை ஈரப்பதம் மாறாமல் வைத்திருக்கும் ஹியூமிடர் அறை என் பொறுப்பில்தான் இருந்தது. பவுசுக்கு வாங்குகிறவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். வந்ததும் விலையைக் கேட்பார், அதிக விலையுள்ளதைக் காட்டச் சொல்வார், போட்டோ எடுப்பார், பாதியிலேயே அணைத்துவிட்டுப் போவார். சுருட்டை உண்மையிலேயே நேசிக்கிறவர் வேறு ரகம். அவர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் என்ன மாதம், என்ன வருஷம் அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பார். ஒன்றை எடுத்து நுனியில் இருந்து அடி வரை விரலால் மெல்ல அமுக்கிக்கொண்டே போவார். எங்கேயாவது கல் மாதிரி இறுகியிருந்தால் திருப்பி வைத்துவிடுவார். அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோவார். இவ்வளவும் ஆன பிறகுதான் விலை.

இந்த இரண்டாவது ரகத்து ஆட்கள் ஒரு சுருட்டுக்கு எங்கள் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் அதே விலையுள்ள இன்னொன்றைக் கையால்கூடத் தொடாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். காசு இலையில் இறங்கியிருந்தால் கொடுப்பார்கள். இலைக்கு வெளியே இறங்கியிருந்தால் கொடுக்க மாட்டார்கள். இவ்வளவு வருஷம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்.

அதற்கு முன்னால் ஒன்று. புகையிலை உடம்புக்குக் கேடு. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும். யாரையும் பழகச் சொல்லி நான் எழுதவில்லை. ஏற்கனவே அந்த ருசியில் இருக்கிறவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

சரி, இலைக்கு வருவோம். கையால் சுருட்டிய நல்ல சுருட்டில் மூன்று பாகம் உண்டு. உள்ளே நிறைக்கிற இலை, அதைச் சேர்த்துக் கட்டுகிற இலை, மேலே போர்த்துகிற இலை. ஒரே செடியில் பறித்த இலை எல்லாம் ஒரே குணமாக இருக்காது. உச்சியில் வெயில் முழுக்க வாங்கி வளர்ந்த இலை தடிப்பாக, காரமாக இருக்கும்; மெதுவாகத்தான் எரியும். இதற்கு லிகெரோ என்று பெயர். நடுவில் உள்ள சேக்கோ வாசனை கொடுக்கும். அடியில் உள்ள வோலாடோ நன்றாக எரியும். சுருட்டுகிறவர் லிகெரோவைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும். ஓரத்துக்குப் போனால் ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் அப்படியே நிற்கும்.

இதெல்லாம் கடைசிக் கட்டம். பறித்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகு ஈரம் சேர்த்துப் பெரிய அட்டியாக அடுக்குவார்கள். அட்டிக்குள் தானாகவே சூடு ஏறும். சூடு அளவு தாண்டினால் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். இப்படிப் புளிப்பேற்றித்தான் இலையில் உள்ள அமோனியா நெடியைப் போக்குவார்கள். நெடி போகாத இலையில் சுருட்டினால் தொண்டை கரகரக்கும், அரை மணி நேரத்தில் தலைவலி வரும். அப்புறமும் இலையை மூட்டை கட்டி வருஷக்கணக்கில் தூங்கவிட வேண்டும். போர்த்துகிற இலையில் ஒரு ஓட்டை, ஒரு கிழிசல், ஒரு தடித்த நரம்பு இருந்தாலும் கழித்துவிடுவார்கள். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. சுருட்டின் விலையில் நியாயமான பங்கு இந்தக் காத்திருப்புக்குத்தான் போகிறது.

பத்ரோன் என்ற நிகராகுவா சுருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன் கியூபாவில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வந்து, 1964-ல் மியாமியில் சிறிய அளவில் தொழில் தொடங்கினார். பிறகு நிகராகுவாவுக்குப் போனார். 1978-ல், அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது, அவருடைய எஸ்தெலி தொழிற்சாலை எரிந்துபோனது. விடாமல் கட்டி எழுப்பினார். 1994-ல், முப்பதாம் ஆண்டு நிறைவுக்கு, '1964 ஆனிவர்சரி' என்ற வரிசையைக் கொண்டுவந்தார். குறைந்தது நான்கு வருஷம் பழக்கிய இலை. 2017-ல் அவர் இறந்த பிறகும் குடும்பம் அதே வழியில்தான் நடத்துகிறது. அந்த ஆனிவர்சரி வரிசையில் ஒவ்வொரு சுருட்டின் மேலும் சுற்றியிருக்கிற காகிதப் பட்டையில் தனித்தனி எண் இருக்கும். எங்கள் லவுஞ்சுக்கு வந்தவர்களில் இதை விலை அதிகம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவர் எனக்கு ஞாபகமே இல்லை. போன வருஷம் வாங்கியதும் இந்த வருஷம் வாங்குவதும் ஒரே ருசி என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் விலை வைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படுகிறது.

இப்போது மறுபக்கம். 24 காரட் தங்கத் தாள் சுற்றிய சுருட்டு சந்தையில் உண்டு. விலை உயர்ந்த கான்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியில் வாசனையேற்றி, ஒன்று நூற்றுக்கணக்கான டாலர் என்று விற்பதும் உண்டு. வைரம் பதித்த பெட்டி, பளபள மரப்பெட்டி, வெல்வெட் உறை என்று எத்தனையோ. எங்கள் அலமாரியிலும் தங்கத் தாள் சுருட்டு இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள், பார்ப்பார்கள், சிரிப்பார்கள். பழகிய ரசிகர் ஒருவர்கூடத் தனக்கென்று வாங்கியதில்லை. பரிசு கொடுக்கத்தான் போனது, அதுவும் எப்போதாவது. தங்கம் ருசிக்கு எதையும் சேர்ப்பதில்லை. கான்யாக் சேர்த்தால் இலையின் ருசி போய் கான்யாக் ருசி வரும்; கான்யாக் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு கிளாஸ் வைத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் வாதம். அதில் பிழை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஷீட் எடுக்கிற கடைக்காரர் நம்ம தோட்டம் எவ்வளவு அழகு, எந்தத் தாத்தா வைத்தது என்றெல்லாம் கேட்க மாட்டார். ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். குமிழ் இருக்கிறதா, தூசி இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, புகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குத்தான் கிரேடு, கிரேடுக்குத்தான் விலை. சுருட்டு ரசிகரும் அந்தக் கடைக்காரர் மாதிரிதான்.

அப்படியானால் கிடைப்பதற்கு அரிது என்பதற்காகக் கொடுப்பதில்லையா? கொடுப்பார்கள், அந்த அருமை உண்மையாக இருந்தால். டொமினிக்கன் குடியரசில் மேல் போர்த்துகிற இலை வளராது என்று தொழிலில் பழுத்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சுருட்டுத் தொழில் செய்யும் ஃபுவெந்தே குடும்பம் அங்கேயே அதைப் பயிரிட்டுக் காட்டியது. 1995-ல் வந்த ஓபஸ் எக்ஸ் என்ற சுருட்டு அப்படிப் பிறந்தது. அந்த இலை குறைவாகத்தான் விளைகிறது, அதனால் சுருட்டும் குறைவு. தேடி அலைந்து வாங்குகிறார்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. வழக்கமான இலையை வழக்கமான முறையில் சுருட்டி, பெட்டியின் மேல் 'இத்தனை பெட்டி மட்டும்' என்று எண் அடித்து இரண்டு மடங்கு கேட்கிறவர்களை இதோடு சேர்க்க முடியாது. முதல் தடவை சிலர் ஏமாறுவார்கள். இரண்டாவது தடவை வாங்க ஆள் இருக்காது.

கோஹிபா விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1966-ல், கியூபாவில், ஃபிடல் காஸ்ட்ரோவுக்கும் அரசு விருந்தாளிகளுக்கும் என்று தொடங்கிய சுருட்டு அது. 1982-ல்தான் பொதுச் சந்தைக்கு வந்தது. அதன் இலையில் ஒரு பகுதிக்கு மற்ற கியூபச் சுருட்டுகளுக்கு இல்லாத மூன்றாவது புளிப்பேற்றம் உண்டு. 2010-ல் வந்த பெஹீகே வரிசையில் 'மெதியோ தியெம்போ' என்ற இலையையும் சேர்த்தார்கள். செடியின் உச்சாணியில் வருகிற இரண்டு சின்ன இலை, எல்லாச் செடியிலும் வராது. ஆக, விலை கேட்க கோஹிபாவுக்குத் தகுதி இருந்தது. ரசிகர்களும் முணுமுணுக்காமல் கொடுத்தார்கள்.

2022-ல் இவற்றை விற்கிற கியூப நிறுவனம் கோஹிபா, திரினிதாத் என்ற இரண்டு சுருட்டு வகைகளுக்கும் உலகம் முழுக்க ஒரே விலை என்று அறிவித்து, அதை ஹாங்காங் விலைக்கு ஏற்றியது. பல நாடுகளில் விலை ஒரேயடியாக இரண்டு, மூன்று மடங்கானது. இலை மாறவில்லை, பழக்குகிற காலம் மாறவில்லை, சுருட்டுகிற கை மாறவில்லை. விலைச்சீட்டு மட்டும் மாறியது. அந்த வருஷம் செப்டம்பரில் இயான் புயல் கியூபாவில் புகையிலை விளைகிற பினார் தெல் ரியோ மாகாணத்தில் ஆயிரக்கணக்கான இலைக் கொட்டகைகளைச் சாய்த்தது உண்மை. ஒக்கியில் வாழையும் ரப்பரும் விழுந்து கிடந்ததைப் பார்த்தவன் நான், அந்த விவசாயிகளின் வலி எனக்குத் தெரியும். ஆனால் விலை ஏறியது புயலுக்கு முன்னால். வருஷக்கணக்காகக் கோஹிபா மட்டுமே கேட்ட வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக நிகராகுவா பக்கம் போனார்கள். பணம் இல்லாமல் இல்லை. "இலைக்குக் கொடுக்கலாம், இவர்கள் துணிச்சலுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர்கள் விட்ட இடத்துக்குப் புதுப் பணக்காரர்கள் வந்தார்கள், கடையில் சரக்கும் தீர்ந்தது. வியாபாரக் கணக்கில் அது வெற்றியாக இருக்கலாம். அந்தச் சுருட்டை இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தவர்களுக்கு அது அநியாயம் என்றே சொல்வேன்.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இருந்தார். ஸீனோ டேவிடாஃப் என்ற சுருட்டு வியாபாரி. தன் பெயரில் கியூபாவில் செய்த சுருட்டுகளின் தரம் இறங்கிவிட்டது என்று, 1989-ல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளை எரித்தார். பிறகு கியூபாவையே விட்டு டொமினிக்கன் குடியரசுக்குப் போனது அந்த நிறுவனம். டேவிடாஃப் இன்றைக்கும் விலை அதிகம்தான். ஆனாலும் அதற்கு ஆள் இருக்கிறது.

ரசிகர்கள் பெயரில் மயங்குவதில்லையா என்று கேட்கலாம். மயங்குவார்கள், மனிதர்கள்தானே. அதனால்தான் லவுஞ்சில் சில இரவுகளில் பட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுப்போம். விலை குறைந்த நிகராகுவா சுருட்டு ஜெயித்த இரவுகள் உண்டு. மறுநாள் அதையே பெட்டியாக வாங்கிப் போனவர்களும் உண்டு. பவுசுக்கு வாங்குகிறவர் அந்த ஆட்டத்துக்கு உட்காரவே மாட்டார்.

நம்ம ஊரில் இதனால் ஏமாறுகிறவர்கள் அதிகம். போன ஓணத்துக்கு லீவில் வந்த ஒரு சொந்தக்காரப் பையன் கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியோடு வந்தான். "அண்ணே, கியூபா ஒரிஜினல். பாத்துச் சொல்லுங்க" என்றான். கண்ணாடி மூடிப் பெட்டியில் கோஹிபா அதிகாரபூர்வமாக வந்ததே இல்லை. பட்டையில் இருக்கிற வெள்ளைக் கட்டங்கள் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, வரிசை கோணியிருந்தது. அவன் நம்பவில்லை. ஒன்றைப் பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினேன். அடி முதல் நுனி வரை நீளமாக ஓட வேண்டிய இலை இல்லை. பீடித்தூள் போலத் துண்டும் துரும்பும்தான் உதிர்ந்தது. "மக்கா, இது தரையில் கூட்டினது" என்றேன். பாவம், நல்ல காசு கொடுத்திருக்கிறான்.

உண்மையானதை வாங்கி வந்தாலும் நம்ம மாவட்டத்தில் காப்பது லேசில்லை. இரண்டு பருவமழையும் கிடைக்கிற இடம். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும். அலமாரியில் சும்மா போட்டுவைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். சூடு ஏறினால் சின்ன வண்டு பொரித்து, போர்த்தின இலையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். வீட்டில் மஞ்சளிலும் மல்லியிலும் வருகிற அதே வண்டுதான். காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிற பை, வெயில் படாத குளிர்ச்சியான இடம், இது போதும். ஏர்போர்ட்டில் பெட்டியாக வாங்கிக் குவிப்பதைவிட, வாங்குகிறவர் நல்லதாக இரண்டு மூன்று தனியாக வாங்கட்டும். அடியில் தேதி பார்க்கட்டும், அமுக்கிப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு ஆதங்கம். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று தொடங்கிய மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சி உறையூரில் வெள்ளைக்காரன் காலம் தொட்டுச் சுருட்டுகிற கைகள் இருந்தன. நம்ம இலை மட்டம், நம்ம கை மட்டம் என்று நான் நம்பவில்லை. அந்த இலையைத் தரம் பிரித்து நான்கு வருஷம் மூட்டையில் வைத்திருக்க அங்கே யாரிடமும் முதல் இல்லை. சுருட்டின கையோடு விற்றால்தான் அடுப்பு எரியும். யாராவது அதைச் செய்து, பெட்டியின் அடியில் இலை பறித்த வருஷத்தையும் அச்சடித்துக் கொண்டுவந்தால், இன்னும் துபாயில் இருக்கிற என் பழைய வாடிக்கையாளர்களுக்கு நானே முதல் பெட்டியை அனுப்பிவைப்பேன். பட்டை இல்லாமல்தான் அனுப்புவேன்.