சித்தி முழுங்கிய இருமல்

2020 ஜூன். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் சித்தியோடு இருந்தேன். காலையில் கோவிட் கணக்கெடுக்க சுகாதார ஊழியர்கள் வருவார்கள். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர், விரலில் ஆக்சிமீட்டர். "வெளியூர்ல இருந்து யாராச்சும் வந்தாங்களா? காய்ச்சல், இருமல்?" சித்தி தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு இல்லையென்று தலையாட்டும். அவர்கள் அடுத்த வாசலுக்கு நகர்ந்ததும் பின்பக்கம் போய் ஒரு பாட்டம் இருமித் தீர்க்கும். வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்று பயம். வீண் பயமென்று சொல்ல மாட்டேன், அப்படி அடித்த வீடுகளின் படங்கள் எங்கள் வாட்ஸப்புக்கும் வந்திருந்தன.

ஆறு மாதம் கழித்து, கொழுந்து மூட்டையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் சோதனைக்குச் சளி துப்பிக் கொடுக்கும் டப்பா கைக்கு வந்தது. காசநோய். கூடவே படுத்திருந்த வீட்டுச் சின்னவனுக்கும் மாத்திரை.

2019இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம் பேர், 2020இல் சுமார் 18 லட்சம். நோய் குறைந்ததா? பஸ் ஓடவில்லை, ஓ.பி. சுருங்கியது, ஊழியர்களை கோவிட் வேலைக்கு இழுத்தார்கள், காசநோய் பார்க்கும் சிபிநாட், ட்ரூநாட் மெஷின்களில் கோவிட் சாம்பிள் ஓடியது. அப்புறம் எப்படி எண்ணிக்கை ஏறும்?

ஃப்ளூவும் அப்போது குறைந்தது, ஆனால் அது வேறு கதை. மாஸ்க், மூடிய பள்ளிகள், நின்றுபோன விமானங்கள் எல்லாம் சேர்ந்து பரவலையே அடக்கிவிட்டன. பி/யமகட்டா என்ற ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கேயும் உறுதியாகத் தென்படவில்லை. தடுப்பூசியில் இனி அது வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. வரைபடத்தில் காசநோய், ஃப்ளூ இரண்டின் கோடுகளும் ஒரே மாதிரிதான் சரிகின்றன. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் எத்தனை பேருக்கு வந்தது என்பதோடு எத்தனை பேரைச் சோதித்தோம் என்றும் பார்க்க வேண்டும். பல நாடுகளில் ஃப்ளூ சோதனை நிற்கவில்லை, சோதித்தும் கிருமி சிக்கவில்லை. காசநோயில் சோதனையே படுத்துவிட்டது.

ஊரடங்கே தப்பு என்று சண்டைக்கு வரவில்லை. வாசல் வரை வந்த அதே கையில் ஒரு சளி டப்பாவும் இருந்திருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான். கோவிட், காசநோய் இரண்டையும் சேர்த்தே பாருங்கள் என்று அந்த ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் விட்டது. எங்கள் லைனுக்கு அது மலையேறி வரவில்லை. இருமலைக் குற்றம் மாதிரி விசாரித்தால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

சித்தி ஆறு மாத மாத்திரையையும் முடித்துவிட்டது. இப்போதும் கையில் நோட்டோடு யாராவது படியேறினால் தலைப்பு தானாக வாய்க்குப் போகிறது.