எஸ்-7 தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா?

வியாழக்கிழமை எங்கள் கண்மாய்க்கரையில் நடந்தது இந்நேரம் மேலூர் வட்டாரத்து வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் சுற்றி வந்திருக்கும். அதனால் கதையை முதலில் இருந்து சொல்லப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதிக்க எடுத்துப்போன கல்லூரிக்காரர்கள் 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று விழா நடத்த வந்தார்கள், நான் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டேன், அது வீடியோவாகச் சுற்றுகிறது. "படித்தவர்களைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்திவிட்டாய்" என்று நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வந்து சொல்கிறவர்களுக்காகத்தான் இது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களாக வந்தார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்துப்போன தண்ணீருக்கு ரிசல்ட் என்ன ஆச்சு?

"அது டெக்னிக்கல் ரிப்போர்ட் சார், ஊர்க்காரங்களுக்குப் புரியாது. ஜர்னல்ல வரும்." கல்லூரிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் இதை மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னதால் வீடியோவில் கேட்காது. பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் எடுத்த அன்றைக்கு நடந்தது இதுதான். சித்திரை வெயிலில் மாணவப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒரு பிள்ளை எங்கள் வீட்டு போர் மோட்டாரைப் போடச் சொல்லி, பத்து நிமிஷம் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டது. வெள்ளைப் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசியது. அப்புறம்தான் பிடித்தது. விளிம்பு வரை நிரப்பி, மூடி, துப்பட்டா நுனியால் ஈரத்தைத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, 'எஸ்-7' என்று எழுதியது. "பால் சட்டியக்கூட நான் இப்பிடிக் கழுவுனதில்ல தாயி" என்று அம்மா சிரித்தார். மோர் கொடுத்தார். அந்தப் பிள்ளை மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்தது. அது எடுத்துப்போன பாட்டிலுக்கு அப்புறம் என்ன நடந்தது என்றுதான் கேட்கிறேன்.

அன்றையிலிருந்து அம்மா தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார். "ஏதோ இருக்குன்னுதானய்யா எடுத்துட்டுப் போறாக" என்பது அவர் கணக்கு. கிருமி என்றால் காய்ச்சினால் சரி. ஆனால் எங்கள் பக்கம் பாறை பூமி. போர் தண்ணீரில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வர வாய்ப்பு உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தரநிர்ணயக் கணக்கு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, அப்புறம் எலும்பு. ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இப்போது சொல்லுங்கள், என் அம்மா ரெண்டு வருஷமாகச் செய்தது நல்லதா கெட்டதா? எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வியாழக்கிழமை எங்கள் கரையில் ஷாமியானா போட்டு உட்கார்ந்து, முந்நூறு மில்லி பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டே "தண்ணீரைச் சேமிப்போம்" என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். கண்மாயில் குடம் இறக்கி வளர்ந்த எழுபது வயசுக்காரியிடம். சரி, அம்மாவும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

ஃப்ளெக்ஸில் எங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே 'தத்தெடுக்கப்பட்ட கிராமம்' என்று போட்டிருந்தது. உன்னத் பாரத் அபியான் என்று 2014-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கல்வி நிறுவனம் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்கும். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் எங்களைத் தத்தெடுத்த விஷயம் ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். தத்து கொடுக்கிற வீட்டில் ஒரு வார்த்தை கேட்பார்கள் அய்யா. தத்தெடுத்த பிள்ளைக்கு உடம்புக்கு என்ன என்று டாக்டர் சொன்னதைப் பிள்ளையிடம் சொல்லாவிட்டாலும் வீட்டிலாவது சொல்வார்கள்.

"சம்பளமும் பென்ஷனும் தள்ளிப்போகிற நிலைமையில் பேராசிரியர்கள் வேலை பார்க்கிறார்கள், தெரியுமா?" என்று ஒரு நண்பர். தெரியும். பேப்பரில் படிக்கிறேன், வருத்தம்தான். ஆனால் ஒரு பேப்பரில் ரிசல்ட்டை நாலு வரி எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட என்ன செலவு?

"ரிசல்ட்டைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள்" என்பது அடுத்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதே மேலூர்ப் பக்கத்து ஜனங்கள்தான் அரிட்டாபட்டி விஷயத்தில் என்ன செய்தார்கள் என்று நாடே பார்த்தது. 2022-இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. சும்மா ஆகவில்லை. சுமார் 250 வகைப் பறவைகள், லகுடு வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி, மலையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டு என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். எழுதி வைத்தது ஊருக்கும் தெரிந்திருந்தது. 2024 நவம்பரில் அந்தப் பக்கத்து டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வல்லூறு பெயரைச் சொல்லி வாதாடியதை நானே கேட்டேன். அதை எதிர்த்து 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்குப் போன அந்தக் கூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாசமே ஏலம் ரத்தானது. எவரும் பீதியடையவில்லை. இத்தனை புரிந்த ஜனத்துக்கு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது புரியாதா? ரேஷன் கடையில் பத்து கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிறவர்கள் இவர்கள்.

வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டதைப் பார்த்த ஜனங்கள் நாங்கள். அதனால் அறிவியல் என்றாலே எங்களுக்குச் சிரிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலந்து சாலை போடலாம் என்று காட்டிய வாசுதேவன் சார் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தை விட்டு ரோட்டுக்கு வந்தால் நாங்கள்தான் முதலில் கைதட்டுவோம்.

"நீயும் காலேஜ் படிக்கும்போது என்எஸ்எஸ் கேம்ப் போனவன்தானே?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் பொதுவெளியில் கேட்டிருக்கிறான். போனேன். ஏழு நாள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர். கழிப்பறை, குடிநீர், ஆடுமாடு எண்ணிக்கை என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுத நாற்பது படிவம் கொடுத்தார்கள். இருபது வீடு போனேன். மிச்ச இருபதை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். ஆடு மூன்று, மாடு ஒன்று, ஆடு ரெண்டு, மாடு இல்லை. கடைசி நாள் அந்த ஊர் அம்மாக்கள் குமுட்டி அடுப்பில் பணியாரம் சுட்டுக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஊர்ப் பெயரே மறந்துவிட்டது. போதுமா? அதைச் செய்தவன் என்பதால்தான் இந்த வலி எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு என்னை எவராவது மறித்து "ஏப்பா, என் வீட்டு ஆட்டுக் கணக்கு என்னாச்சு" என்று கேட்டிருந்தால் கொஞ்சம் உறைத்திருக்கும்.

என் அப்பா இந்தக் கண்மாயில் மடை திறந்து அடைத்தவர். மழை பெய்த மறுநாள், கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் இறங்கி, கணுக்காலில் தண்ணீர் இழுக்கிற வேகத்தை வைத்தே கண்மாய் நிறைந்து கலுங்கு எப்போது மறுகால் போகும் என்று சொல்லிவிடுவார். அவர் உயிரோடு இருந்தபோது வேறொரு குழு வந்து மூன்று மணி நேரம் அவரைப் பேசவைத்து ரெக்கார்டு பண்ணிக்கொண்டு போனது. அதில் ஒரு பிரதி கேட்டு ரெண்டு தடவை போன் செய்தேன். அப்பா இறந்தபிறகு மூன்றாவது தடவையும் செய்தேன். எங்களிடம் அவர் குரல் வேறு எதிலும் இல்லை. இதை வியாழக்கிழமை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அதையும் வீடியோ எடுத்திருப்பார்கள்.

இதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கட்டும்.

குடிநீர் வடிகால் வாரியத்து ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். மோட்டாரைப் போட்டு, பத்து நிமிஷம் ஓடவிட்டு, கேனை மூன்று தடவை அலசிப் பிடிக்க வேண்டும். அதை அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொண்டாயிற்று. திங்கள்கிழமை காலை மதுரை பஸ்ஸில் மடியில் ரெண்டு லிட்டர் கேனோடு ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் அது நான்தான். கேனில் எஸ்-7 என்று எழுதப் போவதில்லை. அம்மா பெயரை எழுதியிருக்கிறேன்.