தூக்கத்தைப் பற்றிப் படிக்கிறேன், தூங்காம

ராத்திரி 2 மணி. விடிஞ்சா பிசியாலஜி இன்டர்னல்ஸ் பரீட்சை. படிக்கிற பாடம் என்ன தெரியுமா? தூக்கம்! பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேணும், தூங்கினாத்தான் படிச்சது மூளையில பதியும்னு மஞ்சள் ஹைலைட்டர்ல கோடு வேற இழுத்து வச்சிருக்கேன். சாயங்காலம் 7 மணிக்குக் குடிச்ச காபியோட கஃபைன்ல பாதி, நடுராத்திரி வரைக்கும் உடம்புலயே சுத்தும்னு சீனியர் அண்ணன் சொல்றார். (எங்க மெஸ் காபியில கஃபைன் இருக்கான்னே சந்தேகம், அது வேற கதை.) சரி, படுப்போம்னா பக்கத்துக் கட்டில்காரன் அனாடமியை மந்திரம் மாதிரி ஓதிக்கிட்டிருக்கான். ஆனா காலைல 8 மணி கிளாஸ்ல, ஏசி ஹால்ல, முதல் ஸ்லைடு விழுந்ததும் வரும் பாருங்க ஒரு தூக்கம்! தலை சாஞ்ச அந்த நொடியே கரெக்டா என்னைத்தான் எழுப்புவார் சார்: "ரெம் ஸ்லீப்னா என்னப்பா?"